பார்க்கிற நதியும் பழகுகிற நதியும்

நம்முடைய நாவலாசிரியர்கள் நதி விஷயத்தில் பெரிய ஓரவஞ்சனைக்காரர்கள். கிராமத்துக்குக் காவேரியைக் கொடுப்பார்கள். பட்டணத்துக்குக் கூவத்தைக் கொடுத்து மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்வார்கள். கதாநாயகன் காவேரிக் கரையில் காதலிப்பான், வாழ்க்கையின் பொருளைப் பற்றி யோசிப்பான். அவனே எழும்பூரில் வந்து இறங்கிவிட்டால், ஆறு என்பது பாலத்தைக் கடக்கும்போது வீசும் வாடையாகிவிடுகிறது. சென்னையிலோ அடையாறு, கூவம், வடக்கே கொசஸ்தலை என்று மூன்று ஆறுகள் கடலைத் தேடி வருகின்றன. அவற்றைக் குறுக்கே தைத்தது போல் பக்கிங்ஹாம் கால்வாயும் கிடக்கிறது. இத்தனை நீர்வழி இருந்தும் அதற்கு இலக்கியத்தில் கிடைத்த இடம் மிகக் குறைவு.

இது எழுத்தாளர்களின் குறைதானே, இதனால் ஊருக்கு என்ன நஷ்டம் என்று வாசகர் கேட்கலாம். நஷ்டம் உண்டு என்பதே என் கட்சி. ஒரு நகரம் தன் ஆற்றை எப்படி நினைக்கிறதோ, அப்படித்தான் அதை நடத்தும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப் பெருக்கு அன்று வீர நாராயண ஏரிக் கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரைமேல் இருந்தபடி கண்டு வியந்த அந்த ஏரிதான் வீராணம். 2004 முதல் அந்த ஏரியின் நீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வந்துகொண்டிருக்கிறது. மாம்பலத்தில் உட்கார்ந்து அந்த முதல் அத்தியாயத்தில் சொக்கிப்போகும் வாசகி, அதே ஏரித் தண்ணீரில் காப்பி கலந்து பக்கத்தில் வைத்திருக்கக் கூடும். ஏரி அவளுக்குக் கதையில் அழகு. வீட்டில் வெறும் குழாய். இரண்டும் ஒன்றே என்ற நினைவு அவளுக்கு வருவதற்கு ஒரு சந்தர்ப்பமும் இல்லை.

இன்னொரு உதாரணம். தி. ஜானகிராமனின் 'மோக முள்'ளில் ஒரு யமுனா. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் ஒரு ஜமுனா. இருவருக்கும் நதியின் பெயர்தான். முதலாமவளின் உலகத்துக்குப் பக்கத்தில் காவேரி ஓடுகிறது. இரண்டாமவளோ சென்னைத் தெரு ஒன்றில் தண்ணீருக்காக அல்லாடுகிறாள். 1973-ல் புத்தகமான 'தண்ணீர்' நம் மொழியின் மிகச் சிறந்த நகர நாவல்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குடம், பம்பு, பக்கத்து வீட்டுக்காரர்களின் சச்சரவு என்று அத்தனையும் அதில் உயிரோடு இருக்கின்றன. அந்தத் தெருவுக்கு, தன் ஊரில் ஆறுகள் உண்டு என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆசிரியர் எழுதாமலே சொன்ன பெரிய விமரிசனம் அது என்று நான் கருதுகிறேன்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று ஒரு கவிதை எழுதினார். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு நண்பர்களோடு படகில் போன பிரயாணம் அது, பக்கிங்ஹாம் கால்வாயில்தான். இன்று அந்தக் கால்வாயைப் பார்ப்பவர்களுக்கு இது கட்டுக்கதையாகத் தோன்றும். ஆனால் அக்காலத்தில் அதில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போய்வந்தன. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக ஏழைகள் கூலிக்கு வெட்டி, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பகுதியும் அதில் உண்டு. உழைப்பவனுக்குப் பயன்பட்ட நீரைத்தான் கவிஞன் ரசித்தான். பின்னாளில் படகு நின்றது, சாக்கடை சேர்ந்தது. 1995-ல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலுக்காகக் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டோம். ஒருவரும் கண்ணீர் விடவில்லை. பழக்கம் விட்டுப்போன உறவுக்கு யார் அழுவார்கள்?

சர்க்கார்கள் சும்மா இருந்தன என்று சொல்லமாட்டேன். 1970-களின் தொடக்கத்தில் கூவத்தை அழகுபடுத்திப் படகு விட்டார்கள். படகுத் துறைகளுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்களைச் சூட்டினார்கள். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். கூவத்துக்கு நல்ல தண்ணீர் கொடுக்க மட்டும் ஏழு பேராலும் முடியவில்லை. சாக்கடை வந்து விழுந்துகொண்டே இருந்தது. முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டே இருந்தது. படகுகள் நின்றுபோயின.

நான் இருக்கும் அச்சரப்பாக்கத்துக்கு ஒரு ஸ்தல புராணம் உண்டு. திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான், முதலில் பிள்ளையாரை நினைக்க மறந்தாராம்; தேரின் அச்சு இற்றுவிட்டது. அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம். கூவத்துப் படகு விஷயத்தில் பிள்ளையார், சாக்கடைக் குழாய்தான். அவரைக் கவனிக்காமல் ரதம் விட்டால் அச்சு முறியத்தான் செய்யும்.

வெளியூர்களைப் பார்ப்போம். சியோல் நகரத்தில் மேம்பாலச் சாலையை இடித்து, அடியில் மூடிக் கிடந்த ஓடையை 2005-ல் திறந்தார்கள். மனத்துக்கு இதமான காரியம்தான்; ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் நதியிலிருந்து பம்பு வைத்து ஏற்றுவது. அகமதாபாத்தில் சபர்மதிக் கரையைச் சிமிட்டியால் எழுப்பி 2012-ல் உலாவுமிடம் திறந்தார்கள். அங்கே தளும்புவது கால்வாயில் வந்த நர்மதை நீர். இரண்டும் நல்ல நாடக மேடைகள். ஆனால் மேடையில் நடிக்கும் நதி கடன் வாங்கிய நதி.

சிங்கப்பூர்க்காரர்கள் செய்தது எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. பீஷான் பூங்காவின் ஓரத்தில் காலாங் ஆறு இரண்டே முக்கால் கிலோமீட்டர் தூரம் வெறும் சிமிட்டி வாய்க்காலாகக் கிடந்தது. 2012-ல் அந்தச் சிமிட்டியைப் பெயர்த்து, ஆற்றைப் பூங்காவுக்குள் வளைந்து நெளிய விட்டுவிட்டார்கள். கரை சரிவாக இறங்குகிறது. குழந்தைகள் கால் நனைக்கலாம். பெரு மழை பெய்தால் எச்சரிக்கை ஒலிக்கும். எல்லோரும் மேலே ஏறிக்கொள்ள, ஆறு பூங்காவில் பரவி ஓடும். ஆற்றுக்கும் மனிதனுக்கும் அங்கே ஒரு மரியாதைப் பேச்சு நடக்கிறது.

இந்த மரியாதை நமக்குப் புதிதல்ல. அச்சரப்பாக்கத்துக்கு அருகே வேடந்தாங்கல் இருக்கிறது. பறவைகளை வேட்டையாடக் கூடாது என்று அவ்வூர் மக்கள் கேட்டு, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் அந்த உரிமையைப் பெற்றார்கள். பட்சிகளின் மேல் அன்பு மட்டும் காரணமல்ல. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பிரயோஜனம் முதலில், அழகு அதன் பின்னால். இன்று உலகமே வந்து பார்க்கிறது. மதுராந்தகத்தில் அதே கலெக்டர் காலத்துக் கதை ஒன்று உண்டு. ஏரி உடையப்போகும் இரவில், வில்லும் கையுமாக இருவர் கரையில் காவல் நின்றார்களாம். அதனால் அங்கே ராமருக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பெயர். கதையை நம்பாதவர்களும் அதன் ருசியைக் கவனிக்க வேண்டும். அந்த ஊருக்குத் தண்ணீரிடம் ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. சென்னை இரண்டையும் மறந்தது. 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்து பயத்தை நினைவூட்டிவிட்டுப் போனது. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது ஆசையும் நினைவுக்கு வந்தது.

அடையாற்று முகத்துவாரத்தில், குப்பை கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைத் திருத்தி 2011-ல் தொல்காப்பியப் பூங்கா திறந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். இந்த மண்ணுக்குரிய செடிகளை நட்டார்கள். பறவைகள் திரும்பி வந்தன. ஆனால் ஆறுகளைச் சீராக்கும் பெரிய வேலையில் ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. கரையில் குடிசை போட்டிருந்தவர்களைப் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி என்று கொண்டுபோய் விட்டார்கள். அவை பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்ந்த பூமி. அடைமழையில் அங்கேயும் தண்ணீர் ஏறுகிறது. வேலைக்குப் போக அவர்கள் விடியற்காலையில் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. வெள்ளத்தில் அவர்கள் கரையிலேயே கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. நாற்றத்தோடு அத்தனை வருஷம் ஆற்றைச் சகித்தவர்களுக்கு, அது நன்றாகிற காலத்தில் கரையோரமாக ஒரு மேட்டு நிலம் கிடைக்கக் கூடாதா? இல்லாவிட்டால் நாம் ஆற்றை மீட்கவில்லை. அதன் ரசிகர்களை மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

நகரத்து ஆற்றுக்கு நான் வைக்கும் பரீட்சை சுலபமானது. அதன் கரைக்கு ஒரு வேலையும் இல்லாமல் சாயங்காலம் வருகிற ஒரு பாத்திரத்தை, வாசகர் சிரிக்காதபடி நாவலில் எழுத முடிய வேண்டும். அதற்கு வேண்டியவை பெரிய பட்டியல் அல்ல: சாக்கடைக்குத் தனி வழி, வெள்ளத்துக்கு அகன்ற இடம், நீர்வரை இறங்கும் நாலு படி, நிழலுக்கு ஒரு புங்கமரம். அந்தப் படியில் கட்டணம் கொடுக்காமல் உட்கார, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் போனவளுக்கும் இடம் இருக்க வேண்டும். அவள் பெயர் யமுனாவாகவே இருக்கட்டும்.