வேதமும் பென்சில் கோடும்

எங்கள் சங்கத்தின் பொன்விழா மலருக்கு வேதாகமத் தமிழைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் ஐயா கேட்டபோது தட்ட முடியவில்லை.

தமிழ் வேதம் வந்த வழியை நம் அங்கத்தினருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தரங்கம்பாடியில் 1715இல் சீகன்பால்கு அச்சேற்றிய புதிய ஏற்பாடு, அதன்பின் பெப்ரீசியுஸ், 1833இல் இரேனியுஸ், 1871இல் பவர் ஐயர் குழுவின் முழு வேதாகமம். ஒவ்வொன்றும் வந்தபோது முணுமுணுப்பும் கூடவே வந்தது. லுத்தரன் சபையார் பெப்ரீசியுசை எளிதில் கைவிடவில்லை. 1936இல் லார்சன் முயற்சியில் வந்த மொழிபெயர்ப்பைச் சபைகள் ஏற்கவே இல்லை. இன்று நாம் உருகிப் படிக்கும் பவர் ஐயர் வேதமும் ஒரு காலத்துப் புதுமைதான்.

சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று பெயர் மாறி வந்ததே இதற்குச் சாட்சி. 'தேவன்' என்றால் பலரில் ஒருவராகிவிடுவாரே என்று தயங்கியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கோ அந்தச் சொல் இல்லாமல் ஜெபமே வராது. வேதம் மாறவில்லை, அதைக் கேட்டுக் கேட்டு நம் காதுதான் பழுத்தது.

அந்தக் காதைப் பழக்கியவர் எங்கள் உபதேசியார் ஐயா. நான் பாளையங்கோட்டைச் சபை வழியில் வளர்ந்தவன்; பட்சபாதம் இருந்தால் பொறுத்தருள்க. ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டிய பாடத்தை ஐயா சனி இரவே எடுத்துவைப்பார். மூச்சு விட ஒரு பென்சில் கோடு, பொருள் முடிய இரண்டு கோடு. ரோமர் எட்டாம் அதிகாரத்தில் கோடில்லாத வரி கிடையாது. எஸ்றாவின் நாளில் லேவியர் ஜனங்களுக்கு அர்த்தம் விளங்கும்படி வாசித்தார்கள் என்று நெகேமியா எட்டாம் அதிகாரம் சொல்கிறதே, அதுதான் அளவுகோல் என்பார்.

இன்றைய நிலையைச் சொன்னால் யாரையோ குத்துவதாக நினைக்கக்கூடாது. இளையவர்களின் ஆர்வத்தில் குறை இல்லை. ஆனால் கைபேசியைத் திறந்து வாசிப்பு மேடையிலேயே பாடத்தை முதன்முறை படிப்பதும், மேவிபோசேத் போன்ற பெயர் வந்ததும் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவதும் நடக்கிறது. கேள்விக்குறி இருக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தால் பவுலின் கேள்வியே போதனையாகிவிடும். பிரசங்கம் பலவீனமாவதும், பிள்ளைகள் ஆராதனை முடியுமுன் வெளியேறுவதும், சபைத் தேர்தலில் சண்டை வருவதும்கூட வாசிப்பு மேடையில் தொடங்கியவையே என்பது என் எண்ணம். மிகையென்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒற்றெழுத்தை விழுங்குகிறவன் உண்மையையும் விழுங்குவான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1995இல் திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பு வந்தபோது ஐயா அதைத் தொடமாட்டேன் என்றார். 'திருமுழுக்கு' என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளித்தார். அவர் மறைந்தபின் புத்தகங்களை அடுக்கிய நான் அங்கே அதன் ஒரு பிரதியைக் கண்டேன். யோவான் முதல் அதிகாரத்தில் பென்சில் கோடுகள். 'வார்த்தை' என்று ஆயுள் முழுதும் வாசித்தவர், 'வாக்கு' என்ற சொல்லுக்குப் பின் ஒற்றைக் கோடு போட்டிருந்தார். இரண்டு கோடு இல்லை.

இந்த ஞாயிறு பாடத்தைத் தயவுசெய்து சனிக்கிழமையே படித்துவிடுங்கள்.