முக்கூடற்பள்ளும் மக்கள் மனமும்: மழைக்குறிப் பாடலும் தொழுமரமும்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இலக்கியம் மக்கள் மனத்தில் இடம்பிடிப்பது வேறு. அது முழுமையாக வாசிக்கப்படுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை அறிய, பொருநைக் கரையில் எழுந்த முக்கூடற்பள்ளு ஏற்ற சான்றாகும். அந்நூலின் மழைக்குறிப் பாடல், நெல்வகைப் பட்டியல், சக்களத்தியர் ஏசல் ஆகிய மூன்றும் நூலினின்று கழன்று தனித்து வாழ்கின்றன. பள்ளன் தொழுவில் மாட்டப்படும் பகுதி அவ்வாறு வாழவில்லை. கழன்று வரக்கூடிய கூறே பரவுகிறது என்பதையும், பரவிய கூறுகளுக்குள்ளேயே மறக்கப்பட்ட பகுதியின் தடம் கிடக்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: முக்கூடற்பள்ளு, உழத்திப்பாட்டு, பண்ணை, தொழுமரம், சுதந்திரப் பள்ளு, ஏற்பு.

முன்னுரை

தாமிரபரணியுடன் சிற்றாறும் கோதண்டராம நதியும் கலக்கும் இடம் முக்கூடல் எனப்பட்டது. அவ்வூரின் இன்றைய பெயர் சீவலப்பேரி. அங்குக் கோயில் கொண்ட அழகரைத் தலைவராகக் கொண்டு பாடப்பட்டதே முக்கூடற்பள்ளு. நூலாசிரியர் பெயர் உறுதியாகத் தெரியாத இந்நூலைப் பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்ததாக ஆய்வாளர் பலர் கொள்வர்.

ஊர்ப்பெயரின் வரலாறே இங்கு ஆராய்தற்குரியது. இன்று முக்கூடல் என்றதும் பலர் நினைவுக்கு வருவது திருநெல்வேலிக்கு மேற்கே பீடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற முக்கூடல் பேரூராகும். பள்ளு பாடிய முக்கூடலோ சீவலப்பேரி என்னும் பெயரில் வழங்குகிறது. அப்பெயரைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றது 1994-இல் வெளிவந்த ‘சீவலப்பேரி பாண்டி’ என்னும் திரைப்படம். ஒரே நிலத்தை அதன் பழம்பெயரால் ஒரு சிற்றிலக்கியமும் புதுப்பெயரால் ஒரு திரைப்படமும் பொதுமனத்தில் பதித்துள்ளன. இரண்டையும் அறிந்தவருள்ளும் அவை ஓரூரைப் பற்றியவை என அறிந்தவர் சிலரே. மக்கள் மனம் ஒன்றை ஏற்கும்போது அதன் சூழலையும் சேர்த்து ஏற்பதில்லை என்பதற்கு இஃது எளிய சான்று. ஊர்ப்பெயருக்கு நேர்ந்தது நூலுக்கும் நேர்ந்துள்ளது.

பள்ளு வடிவத்தின் பரவல்

பாட்டியல் மரபு உழத்திப்பாட்டு எனச் சுட்டும் வகை, நாயக்கர் காலத்தில் பள்ளு என்னும் பெயரில் பெருகியது. நெல்வகையை எண்ணினும் பள்ளுவகையை எண்ணவியலாது என்னும் பழமொழியே அப்பெருக்கத்தைக் காட்டும். திருவாரூர்ப் பள்ளு, குருகூர்ப் பள்ளு, வையாபுரிப் பள்ளு, சிவசைலப் பள்ளு என அது தமிழகத்தில் பரவியது. ஈழத்தில் கதிரைமலைப் பள்ளும், நல்லூர் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளும் தோன்றின. கத்தோலிக்க சமயஞ்சார்ந்த ஞானப் பள்ளும் எழுந்தது.

சைவம், வைணவம், கிறித்தவம் ஆகிய மூன்றையும் ஒரு வடிவம் தாங்கியதற்குக் காரணம் அதன் கட்டமைப்பே. மூத்த பள்ளி, இளைய பள்ளி, பள்ளன், பண்ணைக்காரன் ஆகிய நால்வரும் மாறுவதில்லை. மழை வேண்டல், ஆறு பெருகல், பண்ணைக்காரன் வருகை, மூத்தாள் முறையீடு, பள்ளன் தொழுவில் மாட்டப்படல், மீட்பு, விதை முதலிய வளம் கூறல், உழவு, மாடு முட்டல், நடவு, அறுவடை, நெல்லளத்தல், ஏசல் என்னும் நிரலும் பெரிதும் மாறுவதில்லை. மாறுவன ஊரும் ஆறும் தெய்வமும் மட்டுமே. எந்த ஊராரும் தம் ஊர்ப்பெயரை இட்டு நிரப்பிக்கொள்ளக்கூடிய அச்சாகப் பள்ளு அமைந்தது.

சந்தமும் இப்பரவலுக்குத் துணைநின்றது. புலமை மரபின் விருத்தங்களோடு உழைப்பாளர் வாய்மொழியில் பயின்ற சிந்தின் நடையும் பள்ளில் இடம்பெற்றது. கேட்போர் செவிக்கு அது புதிதன்று. முன்பே அறிந்த ஓசை ஏட்டில் ஏறியது என்னும் மகிழ்வே முதலில் தோன்றியிருக்கும். அதே பகுதியில் சிற்றாற்றின் அருவிக்கரையில் எழுந்த திருக்குற்றாலக் குறவஞ்சியின் வெற்றிக்கும் இதுவே அடிப்படை. முற்றிலும் புதியதைவிட, அறிந்ததன் புதுவடிவையே மக்கள் மனம் விரைந்து பற்றுகிறது.

கழன்று வாழும் கூறுகள்

முக்கூடற்பள்ளின் புகழைத் தாங்குவன மூன்று கூறுகள். அவற்றுள் முதன்மையானது ஆற்றுவெள்ள வருகையை முன்னறிவிக்கும் மழைக்குறிப் பாடல். மலையாளத் திசையிலும் ஈழத்துத் திசையிலும் மின்னல் வெட்டுகிறது; மரக்கிளைகளைச் சுற்றிக் காற்று வீசுகிறது; தவளை கத்துகிறது; நண்டு தன் வளையை அடைக்கிறது; வானம்பாடி ஆடுகிறது. இக்குறிகள் வெறும் அணிகள் அல்ல. மேற்கே பொதிகையைத் தாண்டிவரும் தென்மேற்குப் பருவக்காற்றும், கிழக்கே கடல்தாண்டி வரும் வடகிழக்குப் பருவக்காற்றும் பொருநைக்கு நீரளிக்கின்றன. அப்பள்ளத்தாக்கின் கார், பிசானம் என்னும் இருபோகமும் அவற்றைச் சார்ந்தவை. மேற்கிலும் கிழக்கிலும் மின்னும் மின்னல் அவ்வாற்றின் நீரியலைச் சுருங்கக் கூறிவிடுகிறது. கேட்டவுடன் விளங்குவதும், பாட எளியதும், முன்பின் கதை அறியாமலே துய்க்கத்தக்கதும் ஆகையால் இப்பாடல் பாடத்திட்டங்களிலும் மேடைகளிலும் தனித்து வாழ்கிறது.

இரண்டாவது நெல்வகைப் பட்டியல். சீரகச் சம்பா, மூங்கிற் சம்பா எனத் தொடங்கி விரியும் அப்பட்டியலும், மாட்டு வகை, மீன் வகைப் பட்டியல்களும் அண்மைக் காலத்தில் புதுமதிப்புப் பெற்றுள்ளன. நெல் ஜெயராமன் போன்றோரின் முயற்சியால் மரபு நெல் மீட்பு மக்கள் இயக்கமாக வளர்ந்தபின், பள்ளு நூல்கள் அழிந்த விதைகளின் ஆவணமாக வாசிக்கப்படுகின்றன.

மூன்றாவது சக்களத்தியர் ஏசல். முக்கூடற் பள்ளி வைணவம் சார்ந்தவள்; மருதூர்ப் பள்ளி சைவம் சார்ந்தவள். ஒருத்தி மற்றவளின் தெய்வத்தைப் பழிப்பதும், இறுதியில் இருவரும் இணங்குவதும் சமயப் பொறையின் இலக்கிய விளக்கமாகக் கொண்டாடப்படுகின்றன.

மூன்று கூறுகளுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒவ்வொன்றும் நூலுக்கு வெளியே ஒரு பயனைக் கொண்டுள்ளது: முதலாவது இயற்கை வருணனைக்கும், இரண்டாவது வேளாண் மரபுக்கும், மூன்றாவது சமய நல்லிணக்கத்திற்கும் சான்றாகின்றன. ஒன்றைப் பரப்புவது அதன் அழகு மட்டுமன்று. அதனை எடுத்தாள்வோரின் தேவையும் ஆகும்.

தொழுமரம்

இவற்றுக்கு நடுவில் பள்ளன் தொழுவில் மாட்டப்படும் பகுதி உள்ளது. பள்ளன் இளையாள் வீட்டிலேயே தங்கிப் பண்ணை வேலையைப் புறக்கணிப்பதாக மூத்தாள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் அவனைத் தொழுமரத்தில் மாட்டுகிறான். அவன் புலம்புகிறான். பின்னர் அவளே இரந்து அவனை மீட்கிறாள். கணவன் மனைவியரின் பிணக்கு, உடலை மரத்தில் பூட்டும் அதிகாரம் ஒருவனிடம் இருப்பதை இயல்பாக்கும் கதைக்கருவியாகிறது. தண்டனையைக் கோருபவளும் மன்னிப்பை இரப்பவளும் ஒருத்தியே ஆதலின், பண்ணையின் அதிகாரம் குடும்பத்தின் உட்பூசலாகத் தோற்றங்கொள்கிறது.

இப்பகுதியைப் படித்தபின் புகழ்பெற்ற பகுதிகளுக்கு மீண்டால் அவற்றின் பொருள் மாறுகிறது. பள்ளு மரபின் நிரலில், விதை முதலிய வளங்களைக் கூறும் இடம் தொழுவினின்று மீண்டதை அடுத்தே வருகிறது. அப்படியாயின் நெல்வகைப் பட்டியல் ஓர் உழவன் தன் அறிவை மகிழ்ந்து கூறியது மட்டுமன்று. தண்டனை நீங்கியவன் மேலாளன்முன் ஒப்புவிக்கும் கணக்கும் ஆகும். அறிவு உழவனுடையது; விதை பண்ணையுடையது. மழைக்குறிப் பாடலும் இதற்கு விலக்கன்று. அதன் இறுதி அடிகள் பாடுவோரை அழகரின் பண்ணைச் சேரியில் வாழும் பள்ளர் என்றே அறிமுகப்படுத்துகின்றன. வரவிருக்கும் வெள்ளம் அவர்களுக்குச் சொந்தமல்லாத வயலில் பாயும் என்பதைப் பாடல் மறைக்கவில்லை. அவ்வடிகளைப் பாடி முடித்தும் அதனைக் கேளாதிருக்க வாசகர் பழகிக்கொண்டனர்.

தொழுமரம் ஒரு நகைச்சுவை மரபு, அதனைச் சமூக உண்மையாகக் கொள்ளலாகாது என்னும் மறுப்பு எழக்கூடும். பண்ணைக்காரனின் தோற்றத்தைப் பள்ளியர் எள்ளி நகையாடும் பகுதியும் நூலில் இருப்பதால், அம்மறுப்பு முற்றிலும் வலுவற்றதன்று. புலவர் பாடியதை உழைப்பாளரின் நேர்வாக்குமூலமாகக் கொள்ளவும் இயலாது. எனினும், எவ்வூருக்கும் பொருந்தும் அச்சில் தொழுமரம் நிலையானதோர் உறுப்பாக இருந்தது என்பதே கருதத்தக்கது. கேட்போர் எவ்வூரினராயினும் அதனை விளக்கவேண்டிய தேவை புலவர்க்கு எழவில்லை. நகைப்புக்கு உரியதாகும் அளவிற்கு அது வழக்கில் இருந்தது. இந்தியாவில் அடிமைமுறையின் சட்ட ஏற்பை நீக்கிய சட்டம் 1843-இல்தான் வந்தது என்பதையும் உடன்வைத்து நோக்க வேண்டும்.

கோ. கேசவன் பள்ளு இலக்கியத்தைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்தார். ஆ. சிவசுப்பிரமணியன் தமிழக அடிமைமுறையின் வரலாற்றை விரிவாக எழுதினார். ஆயினும் ஆய்வுலகின் இவ்வறிவு பொதுமனத்தின் முக்கூடற்பள்ளைப் பெரிதும் மாற்றவில்லை. விளக்கம் தேவைப்படும் உண்மையைவிட, விளக்கமின்றி இனிக்கும் பாடல் வேகமாகப் பயணம் செய்கிறது.

ஆங்கில நாட்டுப்புற வருணனைக் கவிதைகளைப் பற்றி ரேமண்ட் வில்லியம்ஸ் 1973-இல் வெளியிட்ட நூலில் கூறிய கருத்து இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பென் ஜான்சன் முதலியோரின் பண்ணைமாளிகைக் கவிதைகளில் விளைச்சல் தானே வந்து குவிகிறது. உழைப்பவர் காட்சியிலிருந்தே நீக்கப்படுகின்றனர் என்பது அவர் வாதம். பள்ளு இதற்கு நேர்மாறானது. அது உழைப்பையும் உழைப்பவர் பெயரையும் உடலையும் தண்டனையையும் ஏட்டில் வைத்தது. அவற்றுள் சிலவற்றை நீக்கியது பிற்காலத் தேர்வு. ஆங்கிலத்தில் கவிஞர் செய்ததைத் தமிழில் தொகுப்பும் பாடத்திட்டமும் செய்தன.

பாரதியின் பள்ளு

பள்ளு இரண்டாம் முறை மக்கள் மனத்தைப் பற்றியது பாரதியின் வழியாக. ‘சுதந்திரப் பள்ளு’ அக்களியாட்ட மெட்டை நாட்டு விடுதலையின் குரலாக்கியது. 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ திரைப்படத்திலும், அவ்வாண்டு விடுதலை நாளையொட்டிய வானொலி ஒலிபரப்பிலும் டி. கே. பட்டம்மாளின் குரலில் அப்பாடல் ஒலித்தது. பண்ணைச் சேரியின் பாட்டு ஒரு நாட்டின் பாட்டாயிற்று.

பாரதியும் பள்ளின் களிப்பை மட்டுமே எடுத்தாரெனத் தோன்றலாம். ஆனால் அவர் செயல் பாடத்திட்டத்தின் தேர்வினின்று வேறுபட்டது. சாதித் தலைமையும் அந்நியத் தலைமையும் ஒழிந்தன என அறிவித்து, உழவை வணங்கி, அவர் அக்களிப்புக்கு ஒரு காரணம் தருகிறார். பழம் பள்ளில் களிப்பும் தொழுமரமும் ஒருங்கிருந்தன. பாரதி தொழுமரம் இல்லாத உலகைக் கற்பனை செய்து களிப்பைப் பாடினார். பாடத்திட்டமோ தொழுமரத்தைப் பற்றிப் பேசாமல் களிப்பை மட்டும் வைத்துக்கொண்டது. முன்னது நீக்கம், பின்னது மறைப்பு.

வகுப்பறையில் வாசிப்பு

இவ்வேறுபாடு இன்று ஏட்டளவில் நிற்பதன்று. குடும்பன், பள்ளன் உள்ளிட்ட ஏழு பெயர்களில் பட்டியலில் இருந்த மக்கள் தேவேந்திரகுல வேளாளர் என ஒரே பெயரில் வழங்கப்பட 2021-இல் நாடாளுமன்றம் சட்டத்திருத்தம் செய்தது. அம்மக்களைச் சார்ந்த எழுத்தாளரும் இயக்கத்தாரும் பள்ளு நூல்களை வேளாண் தலைமைக்கும் நுண்ணறிவுக்கும் சான்றாக வாசிக்கின்றனர். இதற்கு எதிராக, அடிமைநிலையின் ஆவணமாக மட்டும் அவற்றைக் காணும் வாசிப்பும் உண்டு. ஒன்று பெருமையையும் மற்றொன்று துயரையும் தேர்கின்றது. நூலோ இரண்டையும் ஒரே மனிதனிடம் வைத்துள்ளது: விதையின் பெயர்கள் அனைத்தும் அறிந்தவனும் தொழுவில் கிடந்தவனும் அழகக் குடும்பன் ஒருவனே.

மழைக்குறிப் பாடலை மட்டும் கற்பிக்கும் வகுப்பில் ‘பள்ளர்’ என்னும் சொல் சந்தத்தின் ஓர் உறுப்பாகக் கடந்துபோகிறது. தொழுமரத்தை மட்டும் கற்பிக்கும் வகுப்பில் அச்சொல்லுக்குரியோரின் வழித்தோன்றலான மாணவர் இழிவைச் சுமக்க நேர்கிறது. இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும்போதுதான் இத்துணை அறிவுடையவனைப் பூட்டிய அமைப்பு எது என்னும் வினா எழுகிறது. அவ்வினா மாணவர் ஒருவரையும் நோக்கியதன்று, அமைப்பை நோக்கியது.

முடிவுரை

முக்கூடற்பள்ளின் வரலாற்றினின்று பெறப்படுவன மூன்று. மக்கள் மனத்தைப் பற்றும் வடிவம் முன்பே அறிந்த ஓசையையும், எவரும் தம் பெயரிட்டு நிரப்பும் நெகிழ்வையும் கொண்டிருக்கும். அவ்வாறு பற்றியவற்றுள் நீடிப்பது முழுநூலன்று. சூழலினின்று கழன்று வேறொரு தேவைக்குப் பயன்படும் பகுதியே நீடிக்கும். கழன்ற பகுதி தன் மூலத்தை முற்றிலும் இழப்பதில்லை. மழைக்குறிப் பாடலின் இறுதியில் நிற்கும் ‘பண்ணை’ என்னும் சொல் போல அதன் தழும்பு உள்ளேயே இருக்கும்.

ஆகவே திறனாய்வின் பணி புகழ்பெற்ற பாடலைப் புறந்தள்ளுவதன்று. அப்பாடலே நூலுக்குள் செல்லும் வாயில். பாடத்தொகுப்போர் மழைக்குறிப் பாடலோடு தொழுமரப் பகுதியையும், நெல்வகைப் பட்டியலோடு நெல்லளத்தலையும் அடுத்துவரும் முறையீட்டையும் இணைத்துத் தருவார்களாயின், ஆற்றுவெள்ளத்தின் மகிழ்வு குறையாது. அவ்வெள்ளம் எவருடைய வயலில் பாய்ந்தது என்பது மட்டும் கூடுதலாகத் தெரியவரும்.