சேவை நாளுக்கு மறுநாள்

அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி சொல்லித்தரும் கல்லூரிகளில் மாணவர் சங்கம் இல்லாத இடம் அபூர்வம். படிப்பில் முன்னிற்பவர்களுக்கு 1958-இல் தொடங்கிய ‘பை தீட்டா எப்சிலான்’ இருக்கிறது. இத்துறைக்குள் எல்லா இனத்தவரும் வர வேண்டும் என்று குரல் கொடுக்கும் ‘கோட்டாட்’ அமைப்புக்குப் பல கல்லூரிகளில் கிளைகள் உண்டு. செப்டம்பரில் பள்ளிப் பை விழிப்புணர்வு நாள், ஏப்ரல் முழுக்க ஆக்குபேஷனல் தெரபி மாதம், நடுநடுவே நிதி திரட்டும் ஓட்டங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எழுதிக்கொள்ள நிறையவே சேர்ந்துவிடும். யாருக்காக இவை நடக்கின்றனவோ அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதை அளக்கும் கோலை இந்தத் துறையே கையில் வைத்திருக்கிறது. பக்கவாதம் வந்தவரின் கை எவ்வளவு உயரம் எழுகிறது என்று பார்ப்பதோடு ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் வேலை முடிவதில்லை. வீட்டில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அவர் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறாரா என்பதே தெரபிஸ்டின் கேள்வி. மாணவர்களின் சேவையையும் இப்படித்தான் கேட்க வேண்டும்: நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்த மனிதரின் வாழ்க்கையில் என்ன மாறியது?

‘கோ பேபி கோ’ திட்டத்தை எடுத்துக்கொள்வோம். டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி பேராசிரியராக இருந்த கோல் காலோவே தொடங்கியது இது. இன்று ஆக்குபேஷனல் தெரபி மாணவர்களும் ஆர்வமாகச் செய்கிறார்கள். கடையில் விற்கும் பேட்டரி பொம்மைக் காரின் மிதிக்கட்டைக்குப் போகும் வயரை எடுத்து, ஸ்டீயரிங் நடுவில் பொருத்திய பெரிய பொத்தானோடு இணைக்கிறார்கள். காலால் மிதிக்க முடியாத குழந்தை கையால் தட்டினாலே கார் நகரும். முதுகு நிற்காத குழந்தைக்கு பிவிசி குழாயில் சட்டம் கட்டி, உடம்பில் குத்தாதபடி நீச்சல்குள நுரைக்குழாயைச் சுற்றிவிடுகிறார்கள். எழுந்து நின்றால்தான் ஓடும்படி இருக்கையில் சுவிட்சு வைத்த கார்களும் உண்டு. பொத்தானை எந்தக் கைப் பக்கம் வைப்பது, எவ்வளவு உயரத்தில் வைத்தால் குழந்தை தலையை நிமிர்த்தும் என்று மாணவர் அங்கேயே முடிவெடுக்க வேண்டும். எந்தப் பாடநூலும் இதை இவ்வளவு நன்றாகச் சொல்லித்தராது.

ஆனால் குழந்தை வளரும், சட்டம் இறுகும், பேட்டரி தீரும். மாடி வீட்டில் அந்தக் காரை எங்கே நிறுத்துவது? கார் கட்டும் நாளை மட்டும் நடத்திவிட்டுக் கலைந்துபோகும் சங்கத்துக்குப் புகைப்படங்கள் மிஞ்சும். சில மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய்ச் சட்டத்தைத் தளர்த்திக் கட்டும் சங்கம்தான் சிகிச்சை செய்கிறது.

இந்த விதத்தில் மாணவர்கள் நடத்தும் இலவச கிளினிக்குகள் ஒரு படி மேல். பென்சில்வேனியாவின் செஸ்டர் நகரில் வைடனர் பல்கலைக்கழகத்தின் பிசியோதெரபி மாணவர்கள் 2009-இல் தொடங்கியது போன்றவை ஆக்குபேஷனல் தெரபியிலும் உண்டு. காப்பீடு இல்லாதவர்களும், காப்பீடு அனுமதித்த தடவைகள் தீர்ந்துபோனவர்களும் வருகிறார்கள். உரிமம் பெற்ற தெரபிஸ்ட் மேற்பார்வையில் மாணவர் அதே நோயாளியை வாரம்தோறும் பார்க்கிறார்; தான் சொன்னது பலிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் தானே பதில் சொல்ல வேண்டும். குறை, பருவம் மாறும்போது தெரிகிறது. நோயாளிக்குக் கை பழகிவரும் சமயத்தில் தேர்வும் விடுமுறையும் வந்துவிடும். சீனியர் போய் ஜூனியர் வரும்போது, குறிப்பேடு ஒழுங்காகக் கைமாறாவிட்டால் ஏழை நோயாளி ஒவ்வொரு பருவமும் புது மாணவருக்குப் பயிற்சிப் பொருளாகிவிடுவார்.

விழிப்புணர்வு நாட்களில்தான் சரக்கு குறைவு. மாணவர்கள் தராசோடு பள்ளிக்குப் போய் மேசை போட்டு, பை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பை கனமென்று பிள்ளைக்குத் தெரியாதா? எடையைத் தீர்மானிப்பது கால அட்டவணையும் பாடநூலும். அந்த முடிவை எடுப்பவர்கள் அந்த மேசைப் பக்கம் வருவதில்லை. கண்ணைக் கட்டி நடப்பது, ஒரு மணி நேரம் சக்கர நாற்காலியில் உட்கார்வது போன்ற ‘ஊனத்தை உணரும்’ விளையாட்டுகள் இதைவிட மோசம். மிஷெல் நாரியோ-ரெட்மண்ட் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவற்றில் பங்கேற்றவர்களுக்கு பரிவு கூடினாலும் கையாலாகாத உணர்வும் கூடியது. மாற்றுத்திறனாளிகளோடு பழகும் மனப்பாங்கு மேம்படவில்லை. சக்கர நாற்காலியோடு வாழ்பவரை ஊதியம் கொடுத்து அழைத்து வகுப்பெடுக்கச் சொல்வது எவ்வளவோ மேல்.

எல்லோராலும் இந்தச் சேவைக்கு வரமுடியுமா என்பது அடுத்த கேள்வி. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆவதற்கு 24 வார முழுநேரக் களப்பயிற்சி கட்டாயம்; அதற்கே பெரும்பாலும் சம்பளம் கிடையாது. மாலையில் கடையில் நின்று கட்டணம் கட்டும் மாணவருக்கு சனிக்கிழமைச் சேவை கட்டுப்படியாகாது. சேவை மணி நேரத்தை எண்ணிப் பதக்கம் கொடுத்தால், அது ஓய்வு நேரம் உள்ளவருக்குக் கிடைக்கும் பதக்கமாகத்தான் இருக்கும்.

சங்கங்களின் பெரிய பலம், அதிகம் பேசப்படாத வேறிடத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் மாணவர்கள் தெரபிஸ்டுகளோடு வாஷிங்டன் போய் மக்கள் பிரதிநிதிகளைச் சந்திக்கிறார்கள். 1997-இல் முதியோருக்கான மெடிகேர் அரசுக் காப்பீட்டில் தெரபிக்கு வந்த செலவு வரம்பு, தெரபிஸ்ட் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் விடாமல் வாதாடிய பிறகு 2018-இல் நீங்கியது. ஒரு நாள் மேசை போட்டு எட்ட முடியாத மறுநாள் அது.

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர், அமெரிக்காவில் பிறந்து 1950-இல் பம்பாயில் முதல் பள்ளியைத் தொடங்கிய கமலா நிம்ப்கர். இங்கும் அக்டோபர் 27-இல் உலக ஆக்குபேஷனல் தெரபி நாள் கொண்டாடுகிறோம், முகாம் போடுகிறோம். இரு நாட்டுச் சங்கங்களுக்கும் ஒரே யோசனைதான்: ஆண்டறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற வரியை எடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து எத்தனை பேரைத் திரும்பப் பார்த்தோம், அவர்கள் எதைத் தாங்களாகவே செய்கிறார்கள் என்று எழுதுங்கள். பட்டியல் சுருங்கும். சுருங்கட்டும். நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொண்டு, எடுத்த வேலையை முடிக்கப் பழகிய மாணவர்தான் நாளை நல்ல தெரபிஸ்ட்.