பெயர் கேட்டவரும் பெயர் சூட்டியவரும்

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியைக் குறித்து நம் சமுதாயப் பத்திரிகைகளில் வந்துள்ள கட்டுரைகளைத் தொகுத்தால் ஒரு நூலளவு தேறும். அவற்றுட் பெரும்பாலானவை ஒரே வார்ப்பு. களவுபோன மிதிவண்டி, ரோம் நகரத் தங்கப் பதக்கம், இஸ்லாத்தைத் தழுவியமை, வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமை, கின்ஷாசா வெற்றி. முடிவில் ஒரு துஆ. அவருடைய கைகளைப் பற்றி இத்துணை எழுதியவர்கள் அவருடைய நாவைப் பற்றி எழுதவில்லை. தொட்டவர்களும் ‘குறும்புப் பேச்சு’ என்று சொல்லிக் கடந்துவிட்டனர். அரபு இலக்கியம் பயின்றோர்க்கு அது கடந்துவிடத்தக்க பொருளன்று.

(முகத்தில் அடிப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, குத்துச்சண்டை கூடுமா என்பது ஃபிக்ஹு நூலார் ஆராய வேண்டிய வினா. அதனை நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.)

1942-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் காஸியஸ் மார்செலஸ் கிளே என்னும் பெயரில் பிறந்தவர், 1954-இல் தம் மிதிவண்டி களவுபோன கோபத்தில் ஜோ மார்ட்டின் என்ற காவலரிடம் முறையிட்டார். அக்காவலரே பயிற்சிக்கூடம் நடத்தியவர். அங்குத் தொடங்கிய அமெச்சூர் வாழ்வு, கென்டக்கி மாநில கோல்டன் கிளவ்ஸ் பட்டங்கள் ஆறு, தேசிய அளவில் அதே பட்டம் இரண்டு என்று வளர்ந்து, 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கத்தில் நிறைவெய்தியது. அது ஹெவிவெயிட் பிரிவன்று, லைட் ஹெவிவெயிட் பிரிவு. நம் கட்டுரையாளர் சிலர் இதனைக் கவனிப்பதில்லை. அப்பதக்கத்தை ஒஹையோ ஆற்றில் எறிந்தார் என்ற கதை 1975-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலில் உள்ளது. ஆனால் அவரை நெருங்கி அறிந்தோரே பின்னர் அதனை மறுத்திருப்பதால், ஹதீஸ் கலையாரின் மொழியில் சொன்னால், அதன் இஸ்னாது பலவீனமானது.

1960 அக்டோபரில் தொழில்முறை வீரரானார். மறு ஆண்டு லாஸ் வேகாஸில் ‘கார்ஜியஸ் ஜார்ஜ்’ என்ற மல்லரைக் கண்டார். தம்மைத் தாமே புகழ்ந்து ஆரவாரம் செய்து, அவர் தோற்பதைக் காணவேனும் மக்களைத் திரளச் செய்தவர் அம்மல்லர். அலி அவ்வித்தையைக் கற்றுக்கொண்டார். எதிரி எந்தச் சுற்றில் வீழ்வான் என்று எதுகை பொருந்தச் சொல்லலானார். 1962-இல் ஆர்ச்சி மூர் சொன்னபடியே நான்காம் சுற்றில் வீழ்ந்தார்.

இத்தற்புகழ்ச்சியை ஆணவம் என்று சிலர் கண்டிப்பர். நாம் உடன்படவில்லை. அரபுக் கவிதையில் இதற்கு ‘ஃபக்ர்’ என்று பெயர். தனித் துறையாகவே போற்றப்பட்டது. அபிசீனிய அடிமைத் தாய்க்குப் பிறந்து, தந்தையாலேயே மகனென ஏற்கப்படாதிருந்த அன்தரா, வாளாலும் ஃபக்ராலுமே தம் இடத்தைப் பெற்றார். நம் பவணந்தியாரும் நன்னூற் பாயிரத்தில், தன் ஆற்றலை உணராதவரிடத்தும், அவையில் வெல்லவேண்டிய போழ்தும், எதிரி பழித்த காலத்தும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் என விதித்துள்ளார். 1964 பிப்ரவரியில் சானி லிஸ்டனுக்கு எதிரே நின்ற இளைஞருக்கு இம்மூன்றும் பொருந்தும். ஒன்றுக்கு ஏழு என்று பந்தயம் கட்டி உலகம் லிஸ்டன் பக்கம் நின்றது. ஏழாம் சுற்றுக்கு எழ மறுத்து லிஸ்டன் அமர்ந்துவிட்டார். கறுப்பு நிறத்தை இழிவென்று கற்பித்த நாட்டில் ஒரு கறுப்பர் ‘நான் அழகன்’ என்று உரக்கச் சொன்னது வெறும் விளம்பரமன்று.

அடுத்த மாதமே அவர் பெயர் முஹம்மது அலி ஆயிற்று. அப்பெயரைத் தந்த எலைஜா முஹம்மதின் கொள்கை நம் அகீதாவுடன் பொருந்தாதது. அலி 1975-க்குப் பின்னரே அதிலிருந்து நீங்கி சுன்னத் வல் ஜமாஅத்தின் வழிக்கு வந்தார். எனினும் பெயர்மீது அவர் கொண்ட உறுதி அன்றே முழுமையானது. பழைய பெயரால் அழைத்த எர்னி டெரலை 1967-இல் ஹூஸ்டனில் பதினைந்து சுற்றுகள் அடித்து, ‘என் பெயர் என்ன?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடியில் இரக்கமில்லை, கேள்வியில் நியாயமிருந்தது.

நம் குறை இங்கேதான் தொடங்குகிறது. தம் பெயருக்காக இத்துணை போராடியவர் பிறர்க்கு என்ன பெயர் சூட்டினார்? லிஸ்டனைக் கரடி என்றார், பேட்டர்சனை முயல் என்றார். அவற்றை விளையாட்டென விடலாம். ஜோ ஃபிரேசியர் செய்தி வேறு. அவர் தென் கரோலினாவின் ஏழை உழவர் குடியில் பிறந்து, 1964-இல் டோக்கியோவில் தங்கம் வென்றவர். போருக்குச் செல்ல மறுத்ததால் அலியின் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டிருந்த காலத்தில் பணம் கொடுத்து உதவியவர். உரிமம் திரும்பக் கிடைக்கவும் பேசியவர். அவரை அலி ‘அங்கிள் டாம்’ என்றார். வெள்ளையர்க்கு அடிபணிந்த கறுப்பர் என்னும் வசை அது. 1975-இல் மணிலா போட்டிக்கு முன், ‘கொரில்லா’ என்று சொல்லி, ரப்பர் குரங்குப் பொம்மையொன்றைச் செய்தியாளர் முன்னிலையில் குத்திக் காட்டினார். கறுப்பரை விலங்கென்ற அதே பழைய வசை, ‘நான் அழகன்’ என்ற வாயிலிருந்து வந்தது. இது ஃபக்ர் அன்று, ‘ஹிஜா’; வசைக்கவி. பட்டப்பெயர் சூட்டி இகழ்வதை ஸூரா ஹுஜுராத் விலக்கியிருப்பதை ஓதாதவர் நம்மிடையே யார்?

டிக்கெட் விற்பதற்காகச் சொன்னவை என்று அன்பர்கள் சமாதானம் கூறுவர். கவிஞர் ஹுதைஆ, ஸிப்ரிகானைப் பாடிய வழக்கு உமர் (ரலி) அவர்களிடம் வந்தபோது, ‘இதில் வசை தெரியவில்லையே’ என்றே கலீஃபாவும் முதலில் கருதினார்கள். பின்னர்க் கவிதையறிந்த ஹஸ்ஸான் (ரலி) அவர்களை அழைத்துக் கேட்டு, வசையேதான் என்று உறுதியானதும் ஹுதைஆவைச் சிறையிட்டார்கள். இங்கு ஹஸ்ஸானைத் தேடவும் வேண்டியதில்லை. ஃபிரேசியரின் பிள்ளைகள் பள்ளியில் அச்சொற்களால் ஏளனப்பட்டனர். மணிலாவில் பதினான்கு சுற்றுக்குப் பின், கண் தெரியாத நிலையில் பயிற்சியாளர் தடுத்து நிறுத்திய ஃபிரேசியர், அடிகளைவிடச் சொற்களையே நெடுங்காலம் நெஞ்சில் வைத்திருந்தார்.

அறுபத்தொரு போட்டிகளில் ஐம்பத்தாறு வெற்றி என்று அலியின் தொழில்முறைக் கணக்கு 1981-இல் முடிந்தது. இந்தக் கணக்கு மட்டும் முடியவில்லை. 2001-இல் அவர் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் வாயிலாக வருத்தம் தெரிவித்தார். ஏட்டிடம் அன்று, தம்மிடம் சொல்லவேண்டும் என்றார் ஃபிரேசியர். ஹக்குல் இபாதைப் பற்றி மதரஸாவில் நாம் ஓதிய சட்டமும் அதுவே. உரியவரிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். 2011 நவம்பரில் ஃபிலடெல்பியாவில் ஃபிரேசியரின் இறுதிச் சடங்கிற்கு அலி வந்திருந்தார். பார்க்கின்சன் நோயால் பேச்சு ஏறக்குறைய நின்றிருந்தது. மறைந்தவர்க்காக எல்லோரும் எழுந்தபோது, அவரும் பிறர் துணையுடன் எழுந்து நின்று கைதட்டினார்.