டிராமிலிருந்து இறங்கியவன் யாரைப் பார்த்தான்?

போர்க்காலக் காதல் நாவல்கள் திரைக்கு வரும்போது

யூரி ஷிவாகோ சாகும் இடம் நாவலிலும் படத்திலும் ஒன்றுதான்: மாஸ்கோவின் டிராம் பாதை. பாஸ்டர்நாக்கின் நாவலில் 1929ஆம் ஆண்டுக் கோடையில், புழுக்கம் தாங்காமல் கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கும் யூரி, சாலையில் விழுந்து இறந்துபோகிறான். அப்போது அந்தப் பக்கமாக நடந்து வருபவள் ஒரு சுவிஸ் மூதாட்டி. முதல் உலகப் போரின்போது அவன் மருத்துவம் பார்த்த ஊரில் அவனுக்குப் பழக்கமானவள். செத்தது யாரென்று தெரியாமலே அவள் கடந்து போய்விடுகிறாள். டேவிட் லீன் 1965இல் எடுத்த படத்தில் டிராம் ஜன்னல் வழியாக யூரி பார்ப்பது தன் காதலி லாராவை. பதறி இறங்கி அவள் பின்னால் ஓடுகிறான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறான். லாரா திரும்பிப் பார்க்கவே இல்லை.

படத்தின் காட்சி கண்ணீரை வரவழைக்கும். நாவலின் காட்சியோ யாரும் அழுவதற்குக்கூட இடம் தராது. புரட்சியும் உள்நாட்டுப் போரும் அந்த மனிதனின் இதயத்தைப் பல வருடங்களாக அரித்துவிட்டன. சாவதற்கு அன்றைய தினம் தனியாக ஒரு காரணம் தேவையில்லை. லீன் அந்தச் சாவுக்குக் காதலைக் காரணமாக்குகிறார். போர்க்காலக் காதல் நாவல்கள் படமானபோது என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்த்தால், இந்த ஒரு மாற்றம் வெவ்வேறு வேடங்களில் திரும்பத் திரும்ப வருவது தெரியும். நாவலில் காதலர்களின் தலைவிதியைப் போர் எழுதுகிறது. படம் அந்தப் பேனாவைப் பிடுங்கிக் காதலர்களின் கையிலேயே கொடுத்துவிடுகிறது.

புத்தகம் படித்தவர்கள் படம் பார்த்துவிட்டு வந்து கேட்கும் வழக்கமான கேள்வி, “கதையை மாற்றிவிட்டார்களா?” என்பது. அதனால் பெரிய பயன் இல்லை. அறுநூறு பக்க நாவலை மூன்று மணி நேரத்தில் சொல்லும்போது எல்லாமே மாறத்தான் செய்யும். மாறிய இடத்தில் போரின் எடை கூடியதா, குறைந்ததா என்று கேட்பதே சரியான அளவுகோல்.

ஹெமிங்வேயின் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ 1929இல் வந்தது. ஃபிராங்க் போர்சேகி அதை 1932இல் படமாக்கினார். கேரி கூப்பரும் ஹெலன் ஹேய்ஸும் நடித்தார்கள். இன்றைக்கும் வியக்கவைக்கும் ஒரு பகுதி அதில் உண்டு. அடிபட்ட நாயகன் ஹென்றியை ஸ்ட்ரெச்சரில் வைத்து மருத்துவமனைக்குள் கொண்டுபோகிறார்கள். கேமரா அவன் கண்ணாகவே மல்லாந்து கிடக்கிறது. வளைவான கூரைகள் மேலே நகர்கின்றன, தலைகீழாக முகங்கள் எட்டிப் பார்க்கின்றன, கடைசியில் அவன் காதலி காதரீனின் முகம் திரை முழுவதையும் மூடிக்கொண்டு குனிகிறது. காயம்பட்டவன் உலகத்தை எப்படிப் பார்ப்பான் என்பதை நாவல் தன்னிலையில் சொல்லும்; சினிமாவாலும் தன்னிலையில் பேச முடியும் என்று போர்சேகி அங்கே காட்டினார்.

அப்படிப்பட்டவரும் மையமான இடத்தில் வழுக்கினார். நாவலில் ஹென்றி படையை விட்டு ஓடுவதற்குக் காரணம் 1917 அக்டோபரின் கப்போரெட்டோ தோல்வி. பின்வாங்கும் இத்தாலியப் படையின் அதிகாரிகளை, சொந்த ராணுவப் போலீஸே ஓரங்கட்டி நிறுத்திச் சுட்டுக்கொண்டிருக்கிறது. தன் முறை வருவதற்குள் அவன் ஆற்றில் குதிக்கிறான். படத்தில் காதரீனின் கடிதங்கள் அவன் கைக்கு வந்து சேராததால், அவளைத் தேடி ஓடுகிறான். நாவலில் போர் அவனைத் துரத்துகிறது. படத்தில் காதல் அவனை இழுக்கிறது. ஓட்டம் ஒன்றுதான், ஆனால் போர்மீது ஹெமிங்வே வைத்த குற்றச்சாட்டு முழுவதும் இடையில் காணாமல் போய்விட்டது.

முடிவிலும் இதே கதைதான். நாவலில் காதரீன் 1918இன் வசந்தத்தில், போர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே, பிரசவத்தில் இறக்கிறாள். ஹென்றி மழையில் நடந்து ஓட்டலுக்குத் திரும்புகிறான். படத்தில் போர் நின்றதை அறிவிக்கும் மணிகள் முழங்க, அவள் உடலைக் கையில் ஏந்தி ஜன்னலருகே நிற்கிறான். ஒரு தனிச் சாவுக்கு உலக சமாதானமே பின்னணி இசையாகிவிட்டது. அது போதாதென்று பாரமவுண்ட் நிறுவனம், காதரீன் பிழைத்துக்கொள்வதுபோல் தோன்றும் இன்னொரு முடிவையும் எடுத்து வைத்திருந்தது. ஹெமிங்வேக்குப் படம் பிடிக்கவில்லை. 1957இல் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் ராக் ஹட்சனையும் ஜெனிஃபர் ஜோன்ஸையும் வைத்து, அகலத்திரையில் மலைகளும் படைகளுமாக மீண்டும் எடுத்தார். அதுவே அவருடைய கடைசிப் படம். திரை அகலமானதே தவிர, போர் பெரிதாகவில்லை.

கிரஹாம் கிரீனின் ‘தி எண்ட் ஆஃப் தி அஃபேர்’ (1951) இன்னொரு சான்று. லண்டனில் குண்டு விழுந்து காதலன் செத்துவிட்டான் என்று நினைக்கும் சாரா, அவன் பிழைத்தால் அவனை விட்டுவிடுவதாகக் கடவுளிடம் வாக்குக் கொடுக்கிறாள். அவன் எழுந்து வருகிறான். நாவலில் அவள் சாகும்வரை அந்த வாக்கைக் காக்கிறாள். நீல் ஜோர்டன் 1999இல் எடுத்த படம் இருவரையும் மறுபடி சேர்த்து, கடலோர ஊருக்கு அனுப்பி, அதன் பிறகுதான் அவளைச் சாகவிடுகிறது. குண்டு போட்ட முடிச்சை இயக்குநர் அவிழ்த்துவிட்டார்.

இந்த வரிசையில் மிகவும் சிக்கலானது ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’. கொழும்பில் பிறந்து கனடாவில் வாழும் மைக்கேல் ஒண்டாட்ஜியின் இந்த நாவல் 1992இல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டது; 2018இல் புக்கரின் ஐம்பதாண்டு நிறைவுக்கான தங்கப் பரிசும் இதற்கே போனது. ஆண்டனி மிங்கெல்லா 1996இல் எடுத்த படம் ஒன்பது ஆஸ்கர்களை அள்ளியது. அவற்றில் இரண்டு, படத்தொகுப்புக்கும் ஒலிக்குமாக வால்டர் மர்ச்சுக்குக் கிடைத்தவை.

கிப் என்ற சீக்கிய இளைஞன், பிரிட்டிஷ் ராணுவத்தில் குண்டுகளைச் செயலிழக்கச் செய்பவன். நாவலில் அவன் அரெஸ்ஸோ ஊர்த் தேவாலயத்தின் இருட்டுக்குள் ஒரு வயதான பேராசிரியரைக் கயிற்றில் கட்டித் தூக்கி, ராணுவ ஒளிவெடியைக் கொளுத்தி, சுவரோவியங்களைக் காட்டுகிறான். படத்தில் அப்படித் தூக்கப்படுபவள் செவிலி ஹானா. ஒரு கையில் ஒளிவெடி சிவந்து எரிய, அவள் ஊஞ்சலாடுவதுபோல் ஓவியம் ஓவியமாக நகர்கிறாள். கீழே கிப், எதிர் எடையாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். புத்தகத்தோடு ஒப்பிட்டால் இது அப்பட்டமான மாற்றம். ஆனாலும் அந்தக் காட்சி அப்படியே நாவலின் மனதைப் பேசுகிறது. கயிறு, ஒளிவெடி, எடையைக் கணக்கிடும் கை எல்லாமே போர் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவை. அவற்றைத் தவிர அவளுக்குத் தர அவனிடம் வேறொன்றும் இல்லை. மாற்றம் போரின் எடையைக் கூட்டவும் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நாவலின் இறுதியில், 1945 ஆகஸ்டில், ஜப்பான்மீது அணுகுண்டு வீசப்பட்ட செய்தியை வானொலியில் கேட்கும் கிப், துப்பாக்கியோடு வந்து படுக்கையில் கிடக்கும் நோயாளி அல்மாஷியைக் குறிபார்க்கிறான். வெள்ளையர் நாடாக இருந்தால் இந்தக் குண்டைப் போட்டிருக்க மாட்டார்கள் என்பது அவன் கோபம். வருடக்கணக்காக ஐரோப்பாவின் குண்டுகளைத் தன் உயிரைப் பணயம் வைத்து அவிழ்த்தவன், ஹானாவையும் ஐரோப்பாவையும் ஒரே நாளில் விட்டுவிட்டுப் போகிறான். படத்தில் அணுகுண்டே கிடையாது. கிப்பின் தோழன் ஹார்டி கண்ணிவெடியில் சாகிறான், கிப் துக்கத்தில் மூழ்குகிறான், பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறான். ஆசியாவிலிருந்து வந்த ஒருவன் அந்தப் போரைப் பார்த்துக் கேட்ட கேள்வி, ஒரு நண்பனின் மரணமாகச் சுருங்கிவிட்டது. நாவலில் நான்கு பேரின் கதையாக இருந்தது, படத்தில் அல்மாஷிக்கும் அவன் காதலி காதரீனுக்குமான கதையானதற்கு இந்த வெட்டுதான் முதல் காரணம்.

அல்மாஷியின் துரோகத்திலும் இதே கைவேலை. நாவலில் அவன் ஜெர்மானிய ஒற்றன் ஒருவனைப் பாலைவனத்தைக் கடக்க வழிநடத்துகிறான். உண்மை வாழ்க்கையிலும் ஹங்கேரிய ஆய்வாளர் லாஸ்லோ அல்மாஷி 1942இல் ஜெர்மன் உளவுத்துறைக்காக அதைச் செய்தவர். படத்தில் குகையில் காத்திருக்கும் காதரீனிடம் திரும்பிப் போகப் பெட்ரோல் வேண்டும். அதற்காக வரைபடங்களை ஜெர்மானியரிடம் கொடுக்கிறான். துரோகத்துக்குக் காதல் என்ற சமாதானம் கிடைத்துவிட்டது. ஆனால் மிங்கெல்லா கணக்கை அங்கேயே முடித்துவிடவில்லை. நால்வரில் ஒருவனான, டோப்ரூக்கில் கட்டைவிரல்கள் வெட்டப்பட்ட காரவாஜியோ, அதே வரைபடங்களுக்குப் பதில் கேட்டு அல்மாஷியின் படுக்கையருகே வந்து உட்காருகிறான். ஒருவனின் காதலுக்கு இன்னொருவன் விரல்களைக் கொடுத்திருக்கிறான் என்று படம் நேராகச் சொல்கிறது. அந்த நேர்மை இல்லாவிட்டால் அது வெறும் அழகான பாலைவனப் படம்.

ஐரீன் நெமிரோவ்ஸ்கியின் ‘சூட் ஃபிரான்சேஸ்’ வேறு விதமான சோதனை. பிரான்ஸில் வாழ்ந்த யூத எழுத்தாளரான அவர் 1942 ஜூலையில் கைதுசெய்யப்பட்டு, அடுத்த மாதமே ஆஷ்விட்ஸில் இறந்தார். திட்டமிட்ட ஐந்து பாகங்களில் இரண்டுதான் முடிந்திருந்தன. மகள்கள் பாதுகாத்த நோட்டுப்புத்தகம் 2004இல்தான் நூலானது. ஜெர்மன் அதிகாரிக்கும், அவன் தங்கியிருக்கும் வீட்டின் மருமகளுக்கும் இடையே அரும்பி நின்றுபோகும் நேசம் அதன் இரண்டாம் பாகம். படைப்பிரிவு ரஷ்யப் போர்முனைக்குக் கிளம்பிப் போவதோடு அது முடிகிறது. யார் ஜெயிப்பார்கள் என்று எழுதியவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் ஒவ்வொரு பக்கத்தையும் பதைபதைக்க வைக்கிறது. சால் டிப் எடுத்த படத்துக்குப் போரின் முடிவு நன்றாகத் தெரியும். அதனால் சோதனைச் சாவடியில் துப்பாக்கிச் சூடு, கடைசி நேரத்தில் அதிகாரியின் மனமாற்றம், நாயகி எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தாள் என்ற தகவல் என்று எல்லாவற்றுக்கும் விடை தந்துவிடுகிறது.

படங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன? இயக்குநர்களின் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. உரைநடையில் தற்செயலுக்கு மதிப்பு உண்டு. ஒருவன் காரணமில்லாமல் செத்தால், அடுத்த பத்தியில் கதைசொல்லி அந்தக் காரணமின்மையைப் பற்றியே யோசிக்கலாம். திரையில் யோசனைக்கு இடம் குறைவு. ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குப் போக ஒரு விசை வேண்டும். நட்சத்திரங்களின் முகம் அந்த விசையை எளிதாகத் தந்துவிடுகிறது. கூப்பர் ஓடினால், அவர் எதற்காகவோ ஓடுகிறார் என்றுதான் பார்ப்பவர் நம்புவார். டிக்கெட் வாங்கியவரை ஆறுதலோடு அனுப்பவேண்டிய வியாபாரமும் கூடவே இருக்கிறது.

இந்தச் சபலத்தையே கதையாக்கிய நாவல் ஒன்று உண்டு. இயன் மக்யூவனின் ‘அட்டோன்மென்ட்’ 2001இல் வந்தது, ஜோ ரைட் 2007இல் படமாக்கினார். பதின்மூன்று வயது பிரயோனி சொன்ன பொய், அக்கா சிசிலியாவையும் ராபியையும் பிரிக்கிறது. பின்னாளில் நாவலாசிரியையாகும் பிரயோனி, தான் எழுதும் புத்தகத்தில் இருவரையும் சேர்த்துவைக்கிறாள். உண்மையில் ராபி 1940இல் டன்கர்க் கடற்கரையில் நோய்ப்பட்டு இறந்தான். சிசிலியா அதே வருடம் லண்டனின் பாலம் நிலத்தடி ரயில் நிலையத்தைத் தாக்கிய குண்டுக்குப் பலியானாள். அதாவது பிரயோனி செய்தது, 1932இல் பாரமவுண்ட் செய்த அதே வேலை: போர் எழுதிய முடிவைத் திருத்தினாள்.

ஜோ ரைட் இதைப் புரிந்துகொண்டு எடுத்திருக்கிறார். டன்கர்க்காகக் காட்ட இங்கிலாந்தின் ரெட்கார் கடற்கரையில் எடுத்த, வெட்டே இல்லாத ஐந்து நிமிடக் காட்சியை வித்தை காட்டுவதாகச் சிலர் குறை சொன்னார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ராபி என்ன செய்கிறான் என்று கவனித்தால் வேறு விடை கிடைக்கும். எதுவும் செய்வதில்லை. குதிரைகள் சுடப்படுகின்றன, ராட்டினம் சுழல்கிறது, சிப்பாய்கள் கூடிப் பாடுகிறார்கள். கேமரா அவனை விட்டுவிட்டு வேறு பக்கம் போய், பிறகு திரும்பி வந்து கண்டுபிடிக்கிறது. நாயகன் தன் கதைக்கே முக்கியமில்லாதவனாகிப்போகும் அந்தச் சில நிமிடங்களில் போர் தன் முழு உருவத்தோடு தெரிகிறது.

இறுதிப் பகுதியில் நாவலின் முதிய பிரயோனி தனியே உட்கார்ந்து எழுதுகிறாள். படத்தில் வனெஸா ரெட்கிரேவ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், கேமராவுக்கு முன்னால், தான் முடிவை மாற்றிய கதையைச் சொல்கிறார். பேட்டி காண்பவராக நடித்திருப்பவர் ஆண்டனி மிங்கெல்லா. நாவலின் அணுகுண்டைத் தன் படத்திலிருந்து நீக்கிய இயக்குநரிடமே, முடிவை மாற்றியவள் வாக்குமூலம் தருவதுபோல் அமைந்துவிட்டது. அதற்குப் பிறகும் படம் காதலர்களைக் கடற்கரையில் சிரித்து விளையாட விடுகிறது. ஆனால் அது நடக்கவில்லை என்று தெரிந்தேதான் அதைப் பார்க்கிறோம்.

ஆஸ்கர் எண்ணிக்கையை வைத்தால் ‘இங்கிலீஷ் பேஷண்ட்’ ஒன்பது, ‘ஷிவாகோ’ ஐந்து, 1932 ஹெமிங்வே படம் இரண்டு, ‘அட்டோன்மென்ட்’ இசைக்காக ஒன்றே ஒன்று. போரின் எடையை வைத்தால் வரிசை அப்படி இருக்காது. ‘அட்டோன்மென்ட்’ முதலில் வரும். அடுத்து, தேவாலயக் காட்சிக்காகவும் வெட்டப்பட்ட விரல்களுக்காகவும் மிங்கெல்லாவின் படம்; அணுகுண்டை விட்டுக்கொடுத்ததால் அதற்கு முதலிடம் இல்லை. லீனின் பனிவெளியும் போர்சேகியின் மருத்துவமனைக் கூரையும் பின்னால் வந்தாலும் மறக்க முடியாதவை. ஆறுதல் தந்த படங்களைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அந்த ஆறுதலுக்காகப் போரை எவ்வளவு லேசாக்கினார்கள் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும்.