பைன் காட்டின் அழகும் புல்வெளியின் வழக்கும்

கொடைக்கானலில் தூண்பாறைப் பக்கம் போகும் சாலையில் இருக்கிறது பைன் காடு. விடுமுறை நாட்களில் அங்கே கால்வைக்க இடம் இருக்காது. படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புகிறவர் அபூர்வம். அதே மலையை ஆராயும் சூழலியலாளர்களுக்கோ அது காடே இல்லை, அயல் மரங்களை வரிசையில் நட்டு வளர்த்த தோட்டம். ஒரே இடம், இரண்டு பார்வை. இதில் யார் சொல்வது செல்லும்?

இந்தக் கேள்வியை அமெரிக்கர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே அலுவலகக் கோப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 1969-இல் வந்த சுற்றுச்சூழல் சட்டம் கண்ணுக்கு இனிய சூழலையும் அரசின் கடமைகளில் சேர்த்தது. கடமை என்றால் அளவுகோல் வேண்டும். 1974-இல் அந்நாட்டு வனத்துறை ஒரு முறையை வகுத்தது. பயிற்சி பெற்ற நிலவடிவமைப்பாளர் ஒருவர் வடிவம், கோடு, நிறம், இழையமைப்பு ஆகியவற்றைப் பார்த்து இடத்துக்குத் தரம் போடுவார். இரண்டே ஆண்டில், 1976-இல், ஆய்வாளர்கள் டெர்ரி டேனியலும் ரான் பாஸ்டரும் வேறு வழியை முன்வைத்தார்கள். காட்டின் படங்களைச் சாதாரண மக்களுக்குக் காட்டி ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள்.

அதன்பின் நடந்த சோதனைகளில் நிபுணர்களுக்குக் கொஞ்சம் சங்கடம். ஒரே இடத்துக்கு இரண்டு நிபுணர்கள் போட்ட தரம் எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. பொதுமக்களின் சராசரியோ குழுவுக்குக் குழு பெரிதாக மாறவில்லை. இதைக் காட்டி 'மக்களே நம்பகமானவர்கள்' என்று முடித்துவிடுவது எளிது, ஆனால் நியாயமல்ல. பலரின் சராசரி எப்போதும் தனி ஒருவரின் கணிப்பைவிட நிலையாகத்தான் இருக்கும். முப்பது நிபுணர்களின் சராசரியை எடுத்தால் அதுவும் நிலைக்கக்கூடும். நிலைத்த எண் சரியான எண்ணாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனாலும் மக்களின் மதிப்பெண்களில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. பருத்த மரம், மரங்களுக்கிடையே பார்வை புகும் இடைவெளி, சுத்தமான தரை இருந்தால் மதிப்பெண் ஏறும். விழுந்து மட்கும் கட்டைகள் கிடந்தால் இறங்கும். உளவியலாளர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இணையர் இதற்கு உளவியல் விளக்கம் தந்தார்கள்: ஒழுங்காகப் புரியக்கூடியதும், உள்ளே போனால் இன்னும் ஏதோ இருக்கிறது என்று அழைப்பதுமான இடமே மனிதருக்குப் பிடிக்கிறது. பைன் காடு இந்தத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கும். இந்த மலைகளின் இயற்கைக் காடான சோலைக்காடு தோற்றுவிடும். முறுக்கிய மரங்கள், பாசி, இருட்டு, இரண்டடிக்கு மேல் பார்வை போகாத அடர்த்தி. ஆகவே பைன் காட்டில் நிற்கும் குடும்பத்தை ரசனையற்றது என்பவர் தவறு செய்கிறார். அவர்கள் கண் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

சூழலியலாளர் தரப்பின் வலுவான வாதம் இதற்குப் பிறகுதான் வருகிறது. கண்ணுக்கு அறிவு துணை வேண்டும், ஒரு நிலம் எப்படி உருவானது, எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவருக்கே அதன் அழகு முழுதாகத் தெரியும் என்கிறது அது. அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டின் எழுத்தில் இதன் விதை உண்டு. தத்துவவாதி ஆலன் கார்ல்சன் இதைத் தத்துவமாகவே வளர்த்தார். இதில் உண்மை இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும் சரிவு அது என்று தெரிந்தவர், பூக்காத ஆண்டிலும் அந்தப் புதரை வேறு கண்ணோடு பார்ப்பார். ஒரு நொடிப் படத்துக்கு மதிப்பெண் போடும் முறைக்கு இந்தக் காலக்கணக்கு எட்டாது.

ஆனால் 'அறிவு' என்பது யாருடையது? நீலகிரியிலும் பழநி மலையிலும் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் பரப்பியவர்கள் பாமரர்கள் அல்லர், படித்த வனத்துறையினர். அங்கே இயற்கையாக இருந்த உச்சிப் புல்வெளியை அவர்கள் பயனற்ற வெற்றிடமாகப் பார்த்தார்கள். தோல் பதனிடச் சீகைப்பட்டை, அடுப்புக்கு விறகு, பின்னாளில் விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ் என்று தேவைகள் இருந்தன. அறிவு அவற்றின் பின்னே நடந்தது. நாற்பது ஆண்டுகளில் பழநி மலையின் உச்சிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போனதாக 2018-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு சொல்கிறது. ஒரு தலைமுறை நிபுணர்கள் நட்டார்கள், அடுத்த தலைமுறை நிபுணர்கள் பிடுங்கச் சொல்கிறார்கள். இரண்டு முறையும் மக்களை யாரும் கேட்கவில்லை.

மக்களுக்குப் புல்வெளி பிடிக்காது என்பதும் பொய். ஊட்டி–கூடலூர் சாலையில் ஒன்பதாவது மைலில் இருக்கும் புல்மேட்டுக்கு 'ஷூட்டிங் மட்டம்' என்றே பெயர். சினிமா பாட்டுகளால் புகழ்பெற்ற அந்த வெற்றுப் புல்லைப் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள்.

இரு தரப்பும் சேர்ந்து விட்டுவிட்ட ஒரு கூட்டம் உண்டு. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் கோயில்களுக்குக் கூரை வேய்வதற்குக் குறிப்பிட்ட சதுப்புப் புல் வகைகள் வேண்டும். எருமைக்கு மேய்ச்சல் வேண்டும். அந்தப் புல் அருகிப்போனதை நேரில் உணர்ந்தவர்கள் அவர்கள். பட்டம் இல்லாததால் நிபுணர் பட்டியலில் அவர்கள் இல்லை. சுற்றுலாப் பயணிகளை நிறுத்திக் கருத்துக் கேட்கும் கணக்கெடுப்பிலும் வரமாட்டார்கள். 'பொதுமக்கள்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இரண்டு நாள் வந்துபோகிறவர்களைத்தான்.

என் தீர்ப்பு இது. எது அழகு என்ற கேள்வியில் நிபுணருக்குத் தனி வாக்கு கிடையாது. பைன் காடு அழகு என்று ஆயிரம் பேர் சொன்னால் அது அழகுதான். ஆனால் மலையில் எது நிற்க வேண்டும் என்பதை அழகை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதற்கு வேறு சாட்சிகள் இருக்கின்றன. நீலகிரியில் கிளன்மார்கனில் நடந்த ஆய்வில், புல்வெளியில் கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்புப் பகுதியில் முதல் பத்தாண்டிலேயே நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வரையாடு புல்வெளியை நம்பி வாழ்கிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு ஊடுருவும் அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வெளியிட்டது. அதைச் செயல்படுத்துகிறவர்கள் இந்தச் சாட்சிகளை மக்கள் முன் வைக்கட்டும், தோடர்களையும் கூப்பிட்டுக் கேட்கட்டும். 'உங்களுக்கு அழகு தெரியவில்லை' என்று சொல்லி ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம்.