எள்ளை மறந்தவன்

ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கினால் அடையும் சேலத்தில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. கரடியூர் போன்ற மலையூர்களில் பாறையோடு மல்லாடி வாழ்வோருக்கு, ஒரு சொல்லுக்குப் பாறை வழிவிடும் அக்காட்சி தனி வியப்பைத் தரும்.

அத்தகைய சொல்லைப் பெற்ற திருடர்கள் அதனால் செய்தது என்ன? கொள்ளைப் பொருளுக்குச் சாவியாக்கினர், அவ்வளவே. மலையைத் திறக்கும் ஆற்றல் ஒரு கிடங்கின் பூட்டாகச் சிறுத்துப்போனது.

இது கதையின் குறையன்று. கதை சொல்ல வந்ததே இதுதான். 1709-இல் பாரிசில் இதனை அந்துவான் கலானுக்குச் சொன்னவர், அலெப்போ நகரின் மரோனியக் கிறித்தவரான ஹன்னா தியாப். மூலக்கதையில் மந்திரச்சொல் எள்ளின் பெயர். பொன்னைக் கண்டு மதிமயங்கிய காசிம், வேறு தானியங்களின் பெயர்களைச் சொல்லித் தவிக்கிறான். எள் நினைவுக்கு வரவில்லை. குகையிலேயே மாள்கிறான். ஆற்றலைச் சிறுமைப்படுத்தியவனைக் கதையே தீர்ப்பிடுகிறது.

பிற்காலப் படங்களில் அத்தீர்ப்பு மங்குகிறது. ‘பட்டணத்தில் பூதம்’ (1967) படத்தில் பூதம் கூடைப்பந்து ஆட்டத்தில் வெற்றி தேடித் தருகிறது, நாமும் கைதட்டுகிறோம். அது வெறும் வேடிக்கை என விட்டுவிடலாம். ஷங்கரின் ‘எந்திரன்’ (2010) அவ்வாறு விடத்தக்கதன்று. இராணுவத்துக்கென உருவான சிட்டி, கதாநாயகி தேர்வில் காப்பியடிக்கத் துணைபோகிறது. உழைத்துப் படித்த மாணவரைப் பற்றிப் படம் கவலைப்படவில்லை. பின்னர், குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தீயிலிருந்து மீட்கும் சிட்டி, அவளது மானத்தைக் காக்க அறியாது ஊரார்முன் நிறுத்துகிறது. நாணம் தாளாமல் ஓடியவள் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். படத்தின் ஆழமான கணம் அதுவே. அறிவிருந்தும் மனமில்லையேல் ஆற்றல் கொல்லும் என்று அது உணர்த்துகிறது. ஆயினும், அந்த மரணத்தின் விளைவாக உணர்ச்சி ஊட்டப்பெற்ற எந்திரம், காதலியைக் கடித்த கொசுவைத் தேடி அலைகிறது. படம் மீண்டும் சிரிப்புக்குத் திரும்பிவிடுகிறது.

சிறிய காரியத்துக்கு ஆற்றலைப் பயன்படுத்துவது இழிவன்று. நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் எந்திரம் உயர்ந்ததே. எது சிறியது, எது அற்பமானது எனப் பிரித்துக் காட்டுவது கதையின் கடமை. பழங்கதை அதனைச் செய்தது. ‘எந்திரன்’ தொடங்கிவிட்டுக் கைவிட்டது. இன்று விடை சொல்லும் எந்திரங்கள் நம் பிள்ளைகளின் கைகளுக்கே வந்துவிட்டன. தேர்வறைக் காட்சியில் எழும் நம் சிரிப்பை இனியேனும் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும்.